உழைத்தே வாழ்ந்த கணவரின் வாழ்க்கையை நினைவு மலராக எழுதுவது எப்படி?

சேலத்தில் ஒருவர் காலமானால், மயானத்தில் பாலூற்றி வீடு திரும்புவதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிப் பலகை நின்றுவிடுகிறது. பெயர், படம், தோற்றம், மறைவு, ‘அன்னாரது ஆன்மா சாந்தியடைய’ என்ற ஒரு வரி, அதன் கீழே பங்காளிகள், மாமன் மச்சான்மார், பேரன் பேத்திகள் என்று நீளும் பட்டியல். ஓராண்டு கழித்து வரும் திதிக்கு, கொஞ்சம் வசதியும் மனமும் உள்ள குடும்பங்கள் 32 அல்லது 48 பக்கத்தில் ஒரு நினைவு மலர் அச்சிட்டு வருகிறவர்கள் கையில் கொடுக்கின்றன. செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் நீண்ட காலம் மெய்ப்புத் திருத்தியவன் என்பதால், இத்தகைய மலர்களை வரிவிடாமல் படிக்கும் வாய்ப்பு, அல்லது தண்டனை, எனக்குக் கிடைத்தது. ‘கடின உழைப்பாளி, அன்பான கணவர், பாசமிகு தந்தை, எளிமையின் சிகரம்’ என்ற நான்கு சொற்றொடர்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். அட்டைப் படத்தை மட்டும் மாற்றிவிட்டால் ஒருவருடைய மலரை இன்னொருவர் வீட்டில் கொடுத்துவிடலாம்.

என் அக்காவின் வீட்டுக்காரர் இறந்தபோது அவருக்கு ஒரு மலர் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. சிவதாபுரம் பக்கம் வீட்டின் முன்னறையிலேயே வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்து நாற்பது ஆண்டுகள் உழைத்த மனிதர் அவர். மேடை ஏறியதில்லை, பட்டம் வாங்கியதில்லை, செய்தித்தாளில் பெயர் வந்ததில்லை. அப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தபோது நான் செய்த தவறுகளையும், அவற்றிலிருந்து கற்ற முறையையும் இங்கே சொல்கிறேன்.

முதல் வேலை எழுதுவதல்ல, காப்பாற்றுவது. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பு வீட்டைக் கழுவிச் சுத்தம் செய்வார்கள். இறந்தவரின் படுக்கையும் துணிமணிகளும் அப்போது வெளியே போகும். அவற்றோடு, பீரோவின் மேல்தட்டில் கிடந்த பழைய நோட்டுகள், ரப்பர் பேண்டு போட்ட ரசீதுக் கட்டு, உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த கருவிகள் எல்லாம் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறிவிடும். துக்க வீட்டில் இதைப் பற்றிப் பேசுவது நாகரிகமில்லை என்று கூச்சப்படாமல், நம்பிக்கையான ஒருவரிடம் ஓர் அட்டைப் பெட்டியைக் கொடுத்து, அவருடைய கையெழுத்து உள்ள எதுவும், அவருடைய கை பட்டுத் தேய்ந்த எதுவும் அதில் போகட்டும் என்று சொல்லிவிட வேண்டும். பட்டறைக்காரர் என்றால் சின்னத் தராசு, படிக்கற்கள், சாமணம் என்ற சிறு இடுக்கி, ஊதுகுழல், கம்பிக் கத்தரி. நெசவாளர் என்றால் தறி நாடாவும் சங்கத்துப் பாஸ் புத்தகமும். லாரி ஓட்டியவர் என்றால் பழைய லைசென்ஸ். எங்கள் வீட்டில் தகடு இழுக்கும் மிஷினை அந்த மாதமே விற்றுவிட்டார்கள். தராசுப் பெட்டியும் ஒன்பது கணக்கு நோட்டுகளும் தப்பித்தன. அந்த நோட்டுகள் இல்லாவிட்டால் இந்த மலரே இல்லை.

அடுத்து, யாரிடம் கேட்பது என்ற கேள்வி. மகன்கள், மருமகன்கள், சங்கத் தலைவர், பழைய கூட்டாளி என்று எல்லோரும் பேச வருவார்கள். அவர்கள் எல்லோருக்கும் முன்னால் மனைவியிடம் உட்கார வேண்டும், அதுவும் தனியாக. ‘அவரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் எந்தப் பெண்மணியும் ‘நல்ல மனுசன்’ என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்; அதற்கு மேல் நகராது. என் அக்காவும் முதல் நாள் அப்படித்தான் செய்தாள். இரண்டாம் முறை போனபோது அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கைக்கு வேலை இருந்தால் வாய்க்குத் தடை குறைகிறது. பெட்டியிலிருந்து சாமணத்தை எடுத்துத் தரையில் வைத்து, இதன் நுனி ஏன் ஒரு பக்கம் மட்டும் வளைந்திருக்கிறது என்று கேட்டேன். அவள் முக்கால் மணி நேரம் பேசினாள்.

ஆகவே குணத்தைக் கேட்காதீர்கள். பொருளைக் கேளுங்கள், நேரத்தைக் கேளுங்கள், வழியைக் கேளுங்கள். காலையில் எத்தனை மணிக்கு விளக்கு எரியும், முதல் டீ வீட்டிலா கடையிலா, சாப்பிடும்போது எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார், வெள்ளி வாங்கப் போனால் எந்தத் தெரு வழியாகப் போய் எந்தத் தெரு வழியாகத் திரும்புவார், திரும்பும்போது என்ன வாங்கி வருவார் என்று கேளுங்கள். மாமா தட்டுவடை செட்டு என்ற சேலத்துத் தின்பண்டம் வாங்கி வருவாராம். ஆனால் கூலி கைக்கு வந்த நாளில் மட்டும். பையில் தட்டுவடை வாசனை இல்லையென்றால் அந்த வாரம் யாரும் நோட்டு, பென்சில் கேட்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. ‘குடும்பப் பொறுப்புள்ளவர்’ என்று ஒரு பக்கம் எழுதினாலும் இந்த விவரத்துக்கு ஈடாகாது.

பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், ஆனால் கண்ணெதிரே நீட்டாமல் சொல்லிவிட்டு ஓரமாக வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் போதும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: எங்கள் பக்கத்து மூத்த பெண்கள் பலர் கணவரின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ‘அவங்க’, ‘எங்க வீட்டுக்காரர்’, ‘பெரியவன் அப்பா’ என்றுதான் வரும். கதையில் மாமனாரும் கொழுந்தனாரும் வியாபாரியும் சேர்ந்துவிட்டால், எந்த ‘அவங்க’ யார் என்று பதிவைக் கேட்கும்போது குழம்பும். அவ்வப்போது ‘மாமாவா, பெரிய மாமாவா?’ என்று இடைமறித்துத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இனி தேதிகளுக்கு வருவோம். மலர்களில் பிழைகள் மலியும் இடம் இதுதான், எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். 1950களிலும் 60களிலும் பிறந்தவர்களின் பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை அப்படியே நம்ப வேண்டாம். சேர்க்கும் நாளில் பையனுக்கு வயது எட்ட வேண்டும் என்பதற்காக ஆசிரியரே ஜூன் மாதத் தேதி ஒன்றைப் போட்டுக்கொண்ட காலம் அது. மாமாவின் சான்றிதழில் 1-6-1957 என்று இருந்தது. அவருடைய அம்மா எழுதிவைத்த ஜாதகக் குறிப்பில் ‘ஹேவிளம்பி வருடம் மாசி மாதம்’ என்று இருந்தது. ஹேவிளம்பி 1957 ஏப்ரல் நடுவில் தொடங்கிய ஆண்டு. சித்திரையிலிருந்து மார்கழி வரை பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் 1957 என்று கொள்ளலாம். ஆனால் தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில ஆண்டில் விழும் என்பதால் அவர் பிறந்தது 1958 பிப்ரவரி நடுவுக்கும் மார்ச் நடுவுக்கும் இடையில். ஜாதகத்தில் வருடப் பெயர் மட்டும் இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்: ஜய 1954, மன்மத 1955, துன்முகி 1956, ஹேவிளம்பி 1957, விளம்பி 1958, விகாரி 1959, சார்வரி 1960 என்று வரிசையாகப் போகும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால், தாத்தாவின் ஜாதகத்தைப் பார்க்கும்போது எந்தச் சுற்று என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊரின் பெயரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மாமா பிறந்தது ராசிபுரத்துப் பக்கம். அவருடைய எல்லாப் பழைய காகிதங்களிலும் ‘சேலம் மாவட்டம்’ என்றுதான் இருக்கிறது. இன்றைய காகிதங்களில் நாமக்கல் மாவட்டம். இதில் எதுவும் பிழையில்லை. நாமக்கல் பிரிந்தது 1997 ஜனவரி 1-ஆம் தேதி. அதற்கு முன்பே, 1965 அக்டோபரில், தருமபுரி தனி மாவட்டமாகியிருந்தது. ஓசூரில் 1960-இல் பிறந்தவர் சேலம் மாவட்டத்தில் பிறந்தவரே. மலரில் ‘அன்றைய சேலம் மாவட்டம், ராசிபுரம் வட்டம்’ என்று எழுதினால் பேரப்பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள். 1969-க்கு முந்தைய காகிதத்தில் ‘சென்னை மாநிலம்’ என்று பார்த்தால், அவர் சென்னையில் இருந்தார் என்று எழுதிவிடாதீர்கள். இதை நான் ஒரு மலரின் மெய்ப்பில் நேரிலேயே திருத்தியிருக்கிறேன். ‘பி.யூ.சி. படித்தார்’ என்பதைப் ‘பிளஸ் டூ’ என்று நவீனப்படுத்துவதும் தவறு. மேல்நிலைக் கல்வி தமிழகப் பள்ளிகளுக்கு வந்தது 1978-இல். அதற்கு முன்பு பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி., பிறகு கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி.

பழைய கணக்கு நோட்டு கிடைத்தால் அதில் அணாவும் பைசாவும் கலந்து வரும். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு பைசா. அதற்கு முன்பு ரூபாய்க்குப் பதினாறு அணா. கிராமும் கிலோவும் சட்டப்படி வந்த பிறகும் பட்டறைகளில் தோலா என்ற சொல் ஓய்ந்துவிடவில்லை. ஒரு தோலா ஏறக்குறைய 11.66 கிராம். எண்களை மாற்றி எழுதாதீர்கள், நோட்டில் உள்ளபடியே கொடுத்து, தேவைப்பட்டால் பக்கத்தில் விளக்கம் சேருங்கள்.

நினைவும் காகிதமும் மோதும் இடங்களில் அவசரப்பட்டு ஒன்றைத் தள்ளிவிட வேண்டாம். கல்யாணமான வருஷமே, அதாவது 1982-இல், டி.வி.எஸ். 50 வண்டியில் ஏற்காடு போனோம் என்று அக்கா உறுதியாகச் சொன்னாள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் வண்டி இழுக்காமல் நின்றது, அவள் இறங்கி எவ்வளவு தூரம் நடந்தாள், மாமா வண்டியை மெல்ல ஓட்டியபடி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது வரை சொன்னாள். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால் வண்டி 1986-இல் வாங்கியது. அவள் பொய் சொல்லவில்லை. 1982-இல் பஸ்ஸில் ஒரு முறை போயிருக்கிறார்கள், வண்டி வாங்கிய பிறகு இன்னொரு முறை. இரண்டும் அவள் மனதில் ஒரே பயணமாகிவிட்டன. புகைப்படத்தில் வண்டி இருந்தால் எண்பலகையைப் பாருங்கள்: டி.என். என்ற எழுத்துகளை அடுத்து உடனே எண் வந்தால் அது 1989-இலோ அதற்குப் பிறகோ ஆன பதிவு. படத்துக்குத் தேதி போட இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டு பயணம் என்று தெரிந்ததும் அக்கா சிறிது நேரம் யோசித்துவிட்டு, பஸ்ஸில் போனபோது தனக்கு வாந்தி வந்ததையும், பக்கோடா பாயின்டில் மாமா பக்கோடா வாங்கித் தானே எல்லாவற்றையும் சாப்பிட்டதையும் சேர்த்துச் சொன்னாள். தவறைத் திருத்தியதால் ஒரு முழுக் கதை கூடுதலாகக் கிடைத்தது.

மலரின் நடுப்பகுதி அவருடைய வேலையைப் பற்றியதாக இருக்க வேண்டும். உழைப்பாளி என்று சொல்லப்படுகிறவரின் உழைப்பு என்ன என்பதைப் படிக்கிறவர் கண்ணால் பார்க்கும்படி எழுதாவிட்டால், அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை. அடுத்த தலைமுறைக்கு அந்த வேலையே தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். எங்கள் மலரில் கொலுசு உருவாகும் வழியை முழுவதுமாக எழுதினோம். செவ்வாய்ப்பேட்டை வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். அதைச் செம்பு சேர்த்து உருக்கி, கம்பியாகவும் தகடாகவும் இழுத்து, கம்பியை வளையம் வளையமாக வெட்டிக் கோத்து, தகட்டில் பூ அடித்து, வெங்காரமும் பற்றுப்பொடியும் வைத்து ஊதிப் பற்றவைத்து, ஆசிட்டில் போட்டு எடுத்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்து, மெருகு போட்டுத் திரும்ப எடை போட்டுக் கொடுக்க வேண்டும். கொடுத்த வெள்ளிக்கும் திரும்பிய கொலுசுக்கும் இடையில் குறைகிற எடைதான் சேதாரம். ஒத்துக்கொண்ட சேதாரத்துக்கு மேல் குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். ஆகையால் பட்டறைத் தரையைக் கூட்டிய குப்பைகூட குப்பையல்ல. அதில் வெள்ளித் தூள் இருக்கிறது. மாமாவின் வீட்டில் முன்னறையைக் கூட்டுவதற்கென்று தனித் துடைப்பம் உண்டு. அந்த மண்ணை டப்பாவில் சேர்த்து வைத்து, நிரம்பியதும் மண் வாங்குகிறவரிடம் போடுவார்கள். தீபாவளிக்குப் பிள்ளைகளின் சட்டை பல ஆண்டுகள் அந்த டப்பாவிலிருந்துதான் வந்தது.

இந்த இடத்தில்தான் என் பெரிய தவறு வெளிப்பட்டது. முதல் படியில் ‘தன்னந்தனி ஆளாக உழைத்துக் குடும்பத்தை உயர்த்தினார்’ என்று எழுதியிருந்தேன். அச்சக வேலையில் ஆயிரம் தடவை கண்ணில் பட்ட வாக்கியம், கை தானாக எழுதிவிட்டது. அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கோபப்படவில்லை. ‘ஒண்டி ஆளான்னு எழுதியிருக்கியே தம்பி, அப்ப வளையம் கோத்தது யாரு?’ என்று மட்டும் கேட்டாள். பனங்காடு, சிவதாபுரம் பக்கத்து வீடுகளில் பட்டறை என்றால் அது கணவர் பெயரில் இருக்கும். வளையம் கோப்பது, அரும்பு ஒட்டுவது, தேய்த்துக் கழுவுவது, மண் சேர்ப்பது என்று பாதி வேலை மனைவி கையில் நடக்கும். கூலி மட்டும் ஒரே பெயரில் வரும். அன்றிரவு அந்த அத்தியாயம் முழுவதையும் அடித்துவிட்டு, ‘அவர் செய்தார்’ என்று இருந்த இடங்களில் எங்கெல்லாம் உண்மையில் ‘அவர்கள் செய்தார்கள்’ என்று வர வேண்டும் என்பதை அக்காவிடம் கேட்டுக் கேட்டு மாற்றினேன். பதினேழு இடங்கள் மாறின. நீங்களும் எழுதி முடித்ததும் ஒவ்வொரு வினைச்சொல்லையும் இப்படிச் சோதியுங்கள். கைத்தறி வீட்டில் தறியில் உட்கார்ந்தவர் அவர் என்றால், நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றியவர் யார்? மளிகைக் கடை அவர் பெயரில் என்றால், மதியம் அவர் கண்ணயரும்போது கல்லாவில் உட்கார்ந்தவர் யார்? மனைவியைச் சேர்ப்பதால் கணவரின் உழைப்பு குறைந்துவிடாது. மாறாக, இருவரும் ஒரே அறையில் ஒரே விளக்கின் கீழ் பத்தடி தூரத்தில் நாற்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் அவர்களுடைய தாம்பத்தியம். அதை எழுதாமல் ‘அன்பான கணவர்’ என்று எழுதுவதில் என்ன இருக்கிறது?

அன்பை எப்படி எழுதுவது என்பது இந்த வகை மலரில் மிகக் கடினமான பகுதி. எங்கள் தலைமுறை ஆண்கள் மனைவியிடம் அன்பான வார்த்தை பேசியதாக யாராலும் சாட்சி சொல்ல முடியாது. ஆகவே வார்த்தையைத் தேடாமல் கணக்கைத் தேடினேன். மாமாவின் நோட்டில் இடது பக்கம் வாங்கிய வெள்ளி, வலது பக்கம் கொடுத்த கொலுசு. 1989-இல் மாதம் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ என்று போய்க்கொண்டிருந்த கணக்கு, புரட்டாசி, ஐப்பசி இரண்டு மாதங்களில் திடீரென்று நான்கு கிலோவுக்கு விழுந்திருந்தது. தீபாவளியை ஒட்டிய மாதங்கள் அவை, பட்டறைக்காரர் ராப்பகலாக உட்காரும் காலம். ஏன் என்று அக்காவிடம் கேட்டேன். டைபாய்டு வந்து அவள் எழுந்திருக்க முடியாமல் கிடந்த மாதங்கள் அவை. சமைத்ததும், இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியதும், அவளுக்குக் கஞ்சி வடித்துக் கொடுத்ததும் அவர்தான். மீந்த நேரத்தில்தான் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறார். அந்தத் தீபாவளிக்கு யாருக்கும் புதுத்துணி இல்லை என்பது பிள்ளைகளுக்கு நினைவிருக்கிறது, காரணம் நினைவில்லை. அந்தப் பக்கத்தைப் புகைப்படமெடுத்து மலரில் அப்படியே போட்டோம். அடியில் இரண்டே வரி விளக்கம்.

அதேபோல, இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஆசிட் வேலையை அவள் தொடவே கூடாது என்று அவர் சொல்லிவிட்டாராம். பிள்ளைகள் எழுவதற்கு முன், நான்கு மணிக்கு, பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவரே முடித்துவிடுவார். காலையில் அவள் எழும்போது கழுவிய கொலுசு தட்டில் இருக்கும். இதை அக்கா பெருமையாகச் சொல்லவில்லை. பூந்திக்கொட்டைச் செலவைப் பற்றிப் பேசும்போது போகிற போக்கில் சொன்னாள். இப்படி வாய்தவறி வருகிற விஷயங்களுக்காகத்தான் பதிவை இரண்டாம் முறை கேட்க வேண்டும் என்கிறேன்.

கோபம், கடன், குடி, பேச்சு நின்றுபோன உறவு இவற்றை எழுதலாமா என்று எல்லாக் குடும்பத்திலும் கேள்வி வரும். என் கருத்து இது: உயிரோடு இருப்பவரைப் புண்படுத்துவதை விட்டுவிடுங்கள், இறந்தவரைப் புனிதராக்குவதையும் விட்டுவிடுங்கள். மாமாவுக்கு ஒரு காலத்தில் கந்துக்கடன் இருந்தது. யாரிடம் என்று எழுதவில்லை. ஏன் வாங்கினார், எத்தனை ஆண்டில் அடைத்தார், அதற்காக என்ன விற்றார் என்று எழுதினோம். மூத்த மருமகன் எதிர்த்தார், கடைசியில் அக்காதான் ‘அடைச்ச கடனுக்கு என்ன வெட்கம்’ என்று முடித்துவைத்தாள். சொந்த அண்ணனோடு இருபது ஆண்டு பேசாமலிருந்ததை எழுதவில்லை. அண்ணன் இன்னும் இருக்கிறார், திதிக்கும் வந்திருந்தார்.

ஓய்வு நாட்களுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள். ஆடியில் கல்யாணம் இல்லாததால் கொலுசு ஓடாது, பட்டறை மந்தம். அந்த மாதத்தில்தான் ஊரெல்லாம் மாரியம்மன் பண்டிகை. குகையில் வண்டி வேடிக்கை பார்க்கப் பிள்ளையைத் தோளில் தூக்கிப் போனது, அமாவாசைக்குக் கஞ்சமலைச் சித்தர் கோவில் போனது போன்றவை எல்லா வீட்டிலும் இருக்கும். உங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய ஒன்றிரண்டை எடுத்தால் போதும்.

வேறு தொழில் செய்தவர்களுக்கு வழி இதேதான், காகிதம் மட்டும் மாறும். இரும்பாலையிலோ ரயில்வேயிலோ இருந்தவர் என்றால் பணிப் பதிவேடும் ஓய்வூதிய ஆணையும் தேதிகளைக் கொடுத்துவிடும்; ஆனால் அவை மனிதரைக் கொடுக்காது, ஷிப்டைக் கேளுங்கள். சேலம் இரும்பாலை உற்பத்தியைத் தொடங்கியது 1981-இல். ‘அப்பா 1975-இலேயே அங்கே உருட்டாலையில் இருந்தார்’ என்று யாராவது சொன்னால் அவர் கட்டுமானப் பணியில் இருந்தாரா என்று விசாரியுங்கள். வெள்ளைக்கல் (மாக்னசைட்) சுரங்கத்தில் உழைத்தவர் என்றால், வேலை விட்டு வரும்போது புருவம் வரை வெளுத்திருக்கும் முகத்தைப் பிள்ளைகள் நினைவு வைத்திருப்பார்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் இருந்தவர் என்றால் ஆண்டுக் கணக்கைவிடப் பருவக் கணக்கு உதவும். பழம் எடுக்கிற கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வீடு எப்படி இருந்தது, மற்ற மாதங்களில் எப்படி இருந்தது என்று பிரித்து எழுதுங்கள்.

எழுதும் முறையைப் பற்றி இரண்டு விஷயங்கள். யார் சொல்கிறார் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஒரு பக்கத்தில் ‘அப்பா’, அடுத்ததில் ‘அன்னார்’, இன்னொன்றில் ‘என் மாமா’ என்று வந்தால் படிப்பவருக்குத் தலை சுற்றும். நாங்கள் மனைவி சொல்வது போலவே வைத்து, ‘அவர்’ என்று முழுவதும் எழுதினோம். பெயர் அட்டையிலும் முதல் பக்கத்திலும் மட்டும் வந்தது. ‘அன்னார்’ என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள், அதற்குப் பலகையில் இடம் இருக்கிறது. இரண்டாவது, மனைவி சொன்ன சொல்லை இலக்கணப்படுத்தாதீர்கள். விவரிப்பு எழுத்துத் தமிழில் இருக்கட்டும், மேற்கோளுக்குள் அவருடைய பேச்சு அவருடையதாகவே இருக்கட்டும்.

அச்சுக்குக் கொடுக்கும்போது பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக, முடிந்தால் எட்டு அல்லது பதினாறின் மடங்காக அமைய வேண்டும். 32 பக்கத்துக்கு நடுவில் பின் அடித்தால் போதும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும், ஆகவே மாற்றிய பிறகு மறுபடி ஒரு மெய்ப்பு பாருங்கள். படங்களைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பாமல் ஸ்கேன் செய்து கொடுங்கள். எங்கள் மலரில் ஒரு படம் இடவலமாகத் திரும்பி அச்சாகி, கைக்கடிகாரம் வலக்கையில் ஏறிவிட்டது. மெய்ப்புத் திருத்துபவனின் வீட்டு மலரிலேயே இப்படி நடந்தது என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது கடைசிப் பக்கத்து உறவினர் பட்டியலுக்கு. மலரின் உள்ளே இருப்பதைப் பாதிப் பேர் படிப்பார்கள், பட்டியலை எல்லோரும் படிப்பார்கள். வயது வரிசையா உறவு வரிசையா என்று முடிவு செய்து அதை மாற்றாமல் கடைப்பிடியுங்கள். தாய்மாமன் வீட்டாரை விடாதீர்கள். மருமகள்களின் பெயரை மகன்களின் பெயருக்குள் அடைப்புக்குறியில் ஒளிக்காதீர்கள். அச்சுக்குப் போகும் முன் பட்டியலை மட்டும் தனித்தாளில் எடுத்து, இரு தரப்பிலும் மூத்தவர் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்தே வாங்கிவிடுங்கள்.

எத்தனை படிகள் என்றால், திதிக்கு வரும் வீடுகளின் எண்ணிக்கையோடு ஐம்பது கூட்டிக்கொள்ளுங்கள். பட்டறைத் தொழிலைப் பற்றி விரிவாக எழுதியிருந்தால் ஒரு படியை மாவட்ட மைய நூலகத்துக்கும் கொடுக்கலாம். கடைசியில் நான்கு பக்கங்களை வெறுமையாக விட்டோம். வந்தவர்கள் தங்கள் நினைவை எழுதட்டும் என்று அடியில் ஒரு வரி. நான் பார்த்த வரையில் மூன்று பேர் எழுதினார்கள். அக்காவின் படியில் அந்தப் பக்கங்களில் இப்போது பால் கணக்கு இருக்கிறது. மாமாவும் வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில்தான் பால் கணக்கு எழுதுவார்.